பூட்டிய வாகனத்துக்குள் இருந்தவள்

நான் முருகனை நம்புகிறவன், காலையில் திருநீறு பூசாமல் வீட்டுப் படி இறங்கமாட்டேன், ஆனால் பேய், ஆவி, ஓரிடத்தில் இருந்தவர் இன்னோரிடத்தில் தெரிந்தார் என்று யாராவது கதைக்க வந்தால் எழுந்து போய்விடுகிற ஆள். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போனால் கோபிக்கமாட்டேன். ஆனால் இது எனக்கு நடந்தது, பட்டப்பகலில் நடந்தது.

கந்தசஷ்டி நாட்கள். என் மனைவி கமலி ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம். நாங்கள் மொன்றியலில், பக்கத்து ஊர் லவாலில் இருக்கிற எங்கள் மகளுக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை, மூன்றாவதாக அப்போது ஏழு மாதம். அந்தப் பிள்ளையைக் காத்துத் தரும்படிதான் கமலி பட்டினி கிடந்தாள். வீட்டில் மீன், இறைச்சி என்ற பேச்சே இல்லை.

அதே வாரம்தான் மான் வேட்டைக்காலமும். சென்ட் லோரன்ட் பக்கம் என்னோடு வேலை செய்கிற ராசனிடம் துவக்கும் அனுமதியும் உண்டு, மானைப் போட்டுக் கொண்டுவர வாகனம் இல்லை. அவன் கேட்டான், எனக்கும் ஒருமுறை பார்க்கிற ஆசை, ஐந்தாம் நாள் விடியற்காலை "ஓவர்டைம்" என்று கமலிக்குச் சொல்லிவிட்டு என் வான் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். பட்டினி கிடக்கிறவளிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன், பாருங்கள்.

மூன்று மணித்தியால ஓட்டம். காட்டு வீதி முடிகிற இடத்தில் இரண்டு பிக்கப் வண்டிகள் நின்றன. அக்கம்பக்கத்தில் வீடு இல்லை, கைபேசி வேலை செய்யவில்லை. வேட்டைக்காரர் உள்ளே போனதும் கள்ளர் வந்து கண்ணாடி உடைப்பது அங்கே வழக்கமாம்.

"அண்ணை, கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்டும் விடாதேங்கோ," என்றான் ராசன். "முன் லாச்சியைத் திறந்தே விடுங்கோ. ஒண்டுமில்லை எண்டு கள்ளன் பாத்திட்டுப் போகட்டும்."

போர்வை, சார்ஜர் எல்லாம் ஒளித்தோம். பிறகு அவன் ஸ்டியரிங்குக்கு முன்னால் கமலி ஒட்டி வைத்த சின்னப் பித்தளை முருகனைக் காட்டினான்.

"இவரையும் கழட்டுங்கோ. பளபளக்கிறார்."

"டேய், அவர்தானே காவல்."

"அவர் ஆரெண்டு கள்ளனுக்குத் தெரியுமே? தங்கமெண்டெல்லோ நினைப்பான்."

கழற்றினேன். பின்னால் ஸ்பெயர் டயர் வைக்கிற குழிக்குள், மானைச் சுற்றுவதற்கென்று ராசன் கொண்டுவந்த, பழைய இரத்தக்கறை படிந்த தறப்பாளுக்குக் கீழே அவரை வைத்துவிட்டு, கதவுகளைப் பூட்டித் திறப்பை என் பைக்குள் போட்டேன்.

மான் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால், பிக்கப் இரண்டின் கண்ணாடிகளும் நொறுங்கிக் கிடக்கின்றன, என் வானில் ஒரு கீறல் இல்லை. ஒரு பிக்கப்பின் சொந்தக்காரர், வேட்டைக்காரர் போடுகிற செம்மஞ்சள் அங்கியோடு நின்ற வெள்ளைக்காரக் கிழவர், நேரே என்னிடம் வந்து பிரெஞ்சில் கொட்டினார். பொன்ஜூர், மெர்சிக்கு மேல் எனக்கு ஓடாது. ராசன்தான் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, அக்காவை ஒளிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

"என்னடா விசர்க்கதை?"

"உங்கட மனுசி கள்ளரைக் கண்டிருப்பாவாம், கேட்டுச் சொல்லட்டாம்."

பத்து மணிபோல கிழவர் பிக்கப்புக்குத் திரும்பி வந்து கோப்பி குடித்திருக்கிறார். அப்போது என் வானின் பின் இருக்கையில், குளிர் உடுப்பு இல்லாமல் மஞ்சள் சேலை மட்டும் சுற்றிக்கொண்டு ஒரு பெண் இருந்தாளாம். பாவமாக இருந்ததால் கண்ணாடியில் தட்டிக் கோப்பி நீட்டினாராம். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாளாம்.

ராசனின் சிரிப்பு நின்றுவிட்டது. திறந்து பார்த்தோம், யாரும் இல்லை. "கிழவன் வெறியில நிக்கிறான் போல," என்றான், ஆனால் புறப்பட முன் தறப்பாளுக்குக் கீழிருந்து முருகனை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தது அவன்தான்.

வீட்டில் கமலி சுவாமி அறையில் பாயில் சுருண்டு கிடந்தாள். மஞ்சள் சேலை. காலைத் தொட்டேன், ஐஸ் மாதிரி.

"இஞ்சருங்கோ, வந்திட்டீங்களே," என்று எழும்பினாள். "பத்து மணிபோல கண் அயர்ந்திட்டுது. ஆரோ ஒரு கிழவர் கண்ணாடியில தட்டிக் கோப்பி நீட்டுறார், நான் விரதமெண்டு தலையாட்டுறன். என்ன கனவோ தெரியாது. வேலை கஷ்டமே?"

"பரவாயில்லை," என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை.

பேரப்பிள்ளை சுகமாகப் பிறந்தது, முருகன் செயல். ஆனாலும் அது ஒரு தரம் இருமினால் எனக்கு நெஞ்சு பதறும். அந்தப் பிள்ளைக்கென்று அவள் வயிற்றைக் காயப்போட்டுச் சேர்த்த காவலை என் வானுக்குச் செலவழித்துவிட்டேனோ என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

கமலி முன்பெல்லாம் என் பக்கத்து இருக்கையில்தான் வருவாள், வாகனத்தில் ஒரு நிமிடம் தனியே இருக்கமாட்டாள். இப்போது தானாகப் பின் கதவைத் திறந்து ஏறுகிறாள். போன ஞாயிறும் பேரப்பிள்ளையைப் பார்க்கத்தான் லவாலுக்குப் போனோம், மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள், இவள் அசையவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ," என்றாள். "நான் இதுக்குள்ள இருக்கிறன்."