குளவி மரத்தடியில் ஒரு முக்குளிப்பான் கூடு

ஜூன் மழைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மஸ்கெலியாவுக்கு ஓடியதற்குக் காரணம் லெட்சுமி அக்காவின் தொலைபேசி அழைப்பு. அவர் அங்கே தேயிலைக் கொழுந்து பறிப்பவர்; ஹட்டனில் நான் படிப்பிக்கும் பிள்ளை ஒருத்தியின் தாய். "சார், பிள்ளைக்குப் படத்துல காட்டுனீங்களே முக்குளிப்பான், அதோட கூடு தண்ணிக்குள்ள அமுங்குதுங்க. வெரசா வாங்க" என்றார். யாழ்ப்பாணத்தானான எனக்குப் பறவை என்றால் பைத்தியம். துணிச்சல்தான் கொஞ்சம் மட்டு.

ஹட்டனில் காலை 6.15 பஸ். கட்டணம் 100 ரூபாய். மழையில் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. மஸ்கெலியாவிலிருந்து ஓட்டோவுக்கு 500. பிறகு தேயிலைக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. அட்டை ஏறாமலிருக்க வாசனைச் சவர்க்காரத்தைக் கால் முழுக்கப் பூசிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் அக்கா காத்திருந்தார். தண்ணீருக்குள் நின்ற மரத்தடியில் கூடு தெரிந்தது. முக்குளிப்பான் பாசியையும் புல்லையும் குவித்து மிதக்கும் கூடு கட்டும். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும். இது யாரோ விட்டுப்போன மீன்வலையின் மேல் கட்டியிருந்தது. வலைக்கயிறு நீருக்கடியில் வேரில் இறுகியிருந்ததால் கூடு மேலே வர முடியவில்லை. ஒரு பக்கம் நனைந்துவிட்டது. தாய்ப்பறவை எழுந்தபோது உள்ளே மூன்று முட்டைகள் தெரிந்தன. வெறுமனே கயிற்றை அறுத்தால் காற்று கூட்டை நடுநீருக்குத் தள்ளிவிடும். நீளமான புதுக் கயிற்றால் வலையை மரத்தில் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுக்க வேண்டும்.

"நான் போறன் அக்கா, நீங்கள் நில்லுங்கோ" என்று கொண்டுபோன கயிற்றையும் கத்தியையும் எடுத்தேன். அவர் மேலே கை காட்டினார். கூட்டுக்கு நேர் மேலே, கிளையில், பானையளவு குளவிக்கூடு.

"சார், என்ன சவுக்காரம் இது, இப்புடி மணக்குது? இந்த வாசத்தோட போனா மொத்தக் கூடும் கெளம்பிரும். குடுங்க கத்திய."

"வேண்டாம் அக்கா. முட்டை போனாப் போகட்டும்."

"போன வருசம் குளவி கொட்டி எங்க ஆளுங்க ரெண்டு பேர டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். எனக்குத் தெரியாதுங்களா? ஆடாம அசையாம இருந்தா ஒண்ணும் பண்ணாது."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கைத் தலையோடு போர்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தாய்ப்பறவை முட்டைகளைப் புல்லால் மூடிவிட்டு முங்கி மறைந்தது. அக்கா புதுக் கயிற்றை வலையில் முடிச்சுப் போட்டார். நான்கைந்து குளவிகள் இறங்கி அவர் தலையைச் சுற்றின. ஒன்று படங்கின் மேல் உட்கார்ந்து மெதுவாக முகத்துப் பக்கம் நடந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். அவரது மகளிடம் என்ன சொல்லப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கூப்பிடவும் பயம். கடைசியில் அந்தக் குளவி பறந்து போனது. பிறகுதான் மறுமுனையை மரத்தில் கட்டிப் பழைய கயிற்றை அறுத்தார். கூடு ஒரு குலுக்குக் குலுங்கி மேலே வந்தது.

அக்கா கரையேறிய இருபது நிமிடத்தில் தாய்ப்பறவை திரும்பி வந்து அடைகாத்தது. அக்காவுக்கு ஒரு கொட்டும் இல்லை. நான்தான் தேயிலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்குக் காலைல வேலைக்குப் பெரட்டுல பேரு குடுத்துட்டு நாங்க இந்த மலைக்குத்தான் கொழுந்துக்கு வரணும்" என்றார் படங்கைப் பிழிந்தபடி. "குளவிக்கூட்ட எடுக்கச் சொல்லி வேல வாங்குற கண்டாக்கையாகிட்ட எத்தனவாட்டி சொல்லியாச்சு. மூணு முட்டைக்கு ஒரு போன் அடிச்சதும் ஓடியாந்தீங்க. எங்களுக்கு யாருக்குங்க அடிக்கிறது?" கேட்டுவிட்டுச் சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: வாசனைச் சவர்க்காரம், சென்ட், பவுடர் எதுவும் வேண்டாம். கூட்டுக்குக் கிட்டப் போவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். அட்டைக்கு நீளமான காலுறை போதும். உங்களால் இறங்க முடியாத இடத்துக்கு வேறொருவர் இறங்கினால், கையைப் பிடித்து நிறுத்துங்கள். நான் கத்தியைக் கொடுத்தேன்.