ஐப்பசிக்கு இருபத்தொன்பது நாள்

போன நவம்பரில் திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்குப் போனேன். எனக்காக அல்ல, தோழி சுகந்திக்காக. அங்கே காவிரித் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்க நீராடுவார்கள். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அன்று அம்மாவோடு முழுகுவதாக ஏழு வருடமாக வாக்குக் கொடுத்து, ஏழு வருடமும் சுகந்தி வரவில்லை. "இந்த வருஷமும் வரலன்னா இனிமே எனக்கு போன் பண்ணாத" என்று அம்மா சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிறவர்.

ஒரு காலத்தில் சுகந்தியும் நானும் மயிலாடுதுறை கோர்ட்டில் ஒரே சீனியரிடம் ஜூனியர்கள். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, இவைதான் எங்கள் வழக்குகள். மேற்படிப்புக்கு ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கி, குடியுரிமையும் வாங்கி, அகதிகளுக்காக வாதாடினாள். நகரசபைக்கு நின்று ஜெயித்தாள். நாடாளுமன்றத்துக்கு ஒரு தடவை தோற்று, அடுத்த தடவை ஜெயித்தாள். இப்போது ஆப்பிரிக்காவில் அந்த ஐரோப்பிய நாட்டின் தூதர். (எந்த நாடு என்று எழுதாதே என்று உத்தரவு.) தேர்தல், பட்ஜெட் ஓட்டெடுப்பு, புதுப் பதவி என்று ஒவ்வொன்றும் ஓர் ஐப்பசியைத் தின்றுவிட்டது.

அவள் விமானம் திருச்சியில் காலை 11.40-க்கு இறங்கியது. 12.20-க்கு டாக்ஸி ஏறினோம். தூரம் 135 கிலோமீட்டர், டோல் சேர்த்து 4,200 ரூபாய். "நாளைக்குத்தானே முழுக்கு? இன்னைக்கே அம்மாவ சமாதானப்படுத்திடலாம்டி" என்று சுகந்தி சாய்ந்து உட்கார்ந்தாள்.

துவாக்குடி தாண்டியதும் டிரைவர் செல்வராஜ் கேட்டார்: "எந்தப் பக்கம் இறங்கணும் மேடம்? டவுனுக்குள்ள கார் விட மாட்டாங்க. இன்னைக்குக் கடைமுழுக்குல்ல."

"நாளைக்குத்தானேங்க?"

"இல்ல மேடம். இந்த வருஷம் ஐப்பசிக்கு இருபத்தொம்பது நாள்தான்."

சுகந்தி தூதரகத்தில் உட்கார்ந்து விரல்விட்டு முப்பது என்று எண்ணி டிக்கெட் போட்டிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கும் வாயில்லை. என் வீட்டுத் தினசரிக் காலண்டரில் இரண்டு வாரமாகத் தாள் கிழிக்கவில்லை. சாமி காவிரிக்கு எழுந்தருளும் தீர்த்தவாரி மத்தியானத்தோடு முடிந்துவிடும். எப்படிப் பறந்தாலும் போய்ச்சேர மூன்று மணியாகும்.

அம்மாவுக்கு நாலு தடவை போன் அடித்தோம், எடுக்கவில்லை. தஞ்சாவூர் பைபாஸ் 1.25, கும்பகோணம் 2.25. தாளடி நடவு முடிந்த வயல்கள் இருபுறமும் பச்சையாக இருந்தன. சுகந்தி அவற்றைப் பார்க்கவில்லை. விமானத் தாமதம், வேலைப்பளு, நாள்கணக்குக் குழப்பம் என்று வக்கீல்போல் காரணங்களை அடுக்கிப் பார்த்தாள். கடைசியில், "எதுவுமே நிக்காதுடி" என்றாள்.

மூன்றரைக்குக் காரை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தோம். எதிரே ஈரத்துணியும் ஈரத்தலையுமாகக் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. துலாக்கட்டத்தில் மேல்படி ஒன்றில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் மாற்றுப்புடவைப் பை. கட்டியிருந்த புடவை காய்ந்தே இருந்தது.

"முழுகலையாம்மா?" என்றாள் சுகந்தி. அடுக்கிவைத்த காரணம் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"நீ வராம எப்படி முழுகுறது? நாளைக்குக் கார்த்திகை ஒண்ணு, முடவன் முழுக்கு. நடக்க முடியாம பிந்தி வந்த முடவனுக்காக சாமி ஒரு நாள் தள்ளிக் குடுத்தாராம். உனக்கும் அதே நாள்தான். இதுதான் கடைசி வாய்தா, சொல்லிட்டேன்."

எந்த கோர்ட்டிலும் கலங்காதவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, "பசிக்குதா?" என்றார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு மூவரும் முழுகினோம். தண்ணீர் சில்லென்று இருந்தது, கூட்டமே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: கடைமுழுக்கன்று காலை பத்துக்குள் டவுனுக்குள் போய்விடுங்கள். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். மாற்றுத்துணிக்குப் பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஆகாதவர்களுக்கு முடவன் முழுக்கே சௌகரியம். முக்கியமாக, விரல்விட்டு எண்ணாமல் காலண்டரைப் பாருங்கள்.

தை மாதம் சுகந்தி ஒரு போட்டோ அனுப்பினாள். தூதரக அறையில், அவர்கள் நாட்டுக் கொடிக்குப் பின்னால், மயிலாடுதுறை நகைக்கடை கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அடுத்த முழுக்குக்கு நாள் தப்பாதிருக்க, வரப்போகும் ஐப்பசியின் கடைசித் தாளை மட்டும் அம்மா தன் கையால் மடித்து அனுப்பியிருக்கிறார்.