வயலுக்குச் சாவி கேட்ட ஸ்டெல்லா வக்கீல்

செவ்வாய்க்கிழமை காலை, நீதிமன்ற வாசலில் வண்டியை நிறுத்தும்போதே குமாஸ்தா ஓடிவந்தார். "சார், ஸ்டெல்லா அம்மா தவறிட்டாங்க." முந்தைய நாள் சாயங்காலம்கூட என் கையெழுத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போனவர். ஐயோ கடவுளே!

வழக்கறிஞர் ஸ்டெல்லாவுக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். நடவு வேலைக்குப் போன பெற்றோரின் மகள். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் எனக்கு இருபது வருடமாகப் பக்கத்து மேசை. இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கட்சிக்காரரிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

திருக்காட்டுப்பள்ளி கலியமூர்த்தியின் வழக்கை ஒருநாள் அவர் கையில் எடுத்தார். கலியமூர்த்தி குடும்பத்துக்குச் சோறு போட்டது குத்தகைக்குப் பயிர் செய்த இரண்டு ஏக்கர்தான். நிலத்தைப் புதிதாக வாங்கியவர், ஒப்பந்தத்தில் லீஸ் என்று இல்லை, லைசென்ஸ் என்றுதான் இருக்கிறது, ஆகவே வெளியேற வேண்டும் என்றார். அந்த ஆங்கில ஒப்பந்தத்தைப் பழைய உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கடை வாடகைப் படிவத்தைப் பார்த்து அப்படியே அடித்திருந்தேன். அதில் என் பெயர் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

குறுக்கு விசாரணையில் அக்கா அந்தத் தாளைக் கையில் எடுத்து, நிலம் வாங்கியவரிடம் கேட்டார்: "காலம் முடிஞ்சதும் சாவியத் திருப்பித் தரணும்னு இதுல இருக்கே. வயலுக்கு ஏதுங்க சாவி?"

கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நீதிபதியிடம் சொன்னார்: "ஐயா, லைசென்ஸ்னா வந்து போறதுக்கு அனுமதி. லீஸ்னா இடமே அவங்க கைவசம். தாள்ல என்ன பேரு வச்சாங்கன்னு பாக்காதீங்க. இத்தனை வருஷம் மடையைத் திறந்தது யாரு, நட்டது யாரு, அறுத்தது யாருன்னு பாருங்க."

கலியமூர்த்தியை வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பு வந்தது. அந்த ஒப்பந்தம் யார் எழுதியது என்று அக்கா என்னிடம் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்து, ஆறு வருடம் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கலியமூர்த்தி தேம்பிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. "உங்க ஒப்பந்தத்தத் தப்பா எழுதினது நான்தாங்க," என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தெரியுங்க. பழைய ஓனர்கிட்ட விசாரிச்சுட்டு அம்மா அப்பவே சொன்னாங்க. ஒருநாள் அவரே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் நீங்க கேக்காதீங்கன்னாங்க."

சொல்லிவிட்டேன், அக்கா. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.