ஒரு கொய்யாவுக்கு இரண்டு வீடு

எதிர் வீட்டுக்காரி இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை. இதை எழுதும்போதே என் மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது. அவள் திருப்பூருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் நேர் எதிரே அவள் வீட்டுக் கதவுதான், அதில் பூட்டுத் தொங்குகிறது. வாசலில் கோலம் இல்லை, ஆட்டுப் புழுக்கை இல்லை, சத்தம் இல்லை. அந்தப் புழுக்கைக்காக நான் எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! இப்போது தெரு சுத்தமாகக் கிடக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவே, பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் மண். மழை பெய்தால் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நான் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிறவள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். அவள் ஆடு வளர்க்கிறவள். புருஷன் போன பிறகு அவளுக்கு ஆடுகள்தான் துணை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருடம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவள் என்னை மைனி என்பாள், நான் அவளை ஏட்டி என்பேன். ஒரு நாள் அவளுடைய வெள்ளாடு என் வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த உளுந்தைத் தின்றுவிட்டது. நான் ஆட்டைத் திட்டினேன். ஆட்டைத் திட்டியதற்கு அவள் என்னைத் திட்டினாள். நான் அவள் பிறந்த வீட்டை இழுத்தேன், அவள் என் பிறந்த வீட்டை இழுத்தாள். அதோடு பேச்சு நின்றுபோனது. யார் மேல் தப்பு என்று இன்றைக்குக் கேட்டாலும் ஆட்டின் மேல்தான் என்பேன். ஆடு அவளுடையது.

ஊருக்கு வடக்கே புறம்போக்கில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பெண்கள் குழுவில் பேசி, பஞ்சாயத்தில் கேட்டு, அதை வேரோடு எடுத்துவிட்டுப் பழமரம் வைப்பதென்று முடிவானது. வெட்டிய முள்ளையே சுற்றி வேலியாகப் போட்டோம். கொய்யா, சீத்தா, நெல்லி, நாவல் என்று கன்றுகள் வேனில் வந்து இறங்கின. காய்க்கிற பழத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போக மிச்சத்தை விற்று ஊருணியைத் தூர்வாருவதாக ஏற்பாடு. அதுவரை எங்கள் ஊரில் பழம் என்றால் கோவில்பட்டி மார்க்கெட்டிலிருந்து பையில் வருவதுதான், அதுவும் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான். நம் மண்ணில் காய்த்ததை நம் கையால் பறித்துத் தின்ன வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. எனக்கும்தான்.

நட்டால் மட்டும் போதுமா, தண்ணீர் யார் ஊற்றுவது? எங்கள் குழுத் தலைவி ஒரு வழி சொன்னாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு மரம்னு விட்டா, கல்யாணம் காட்சின்னு வெளியூர் போயிட்டு வாரதுக்குள்ள கன்னு காஞ்சிரும். ஒரு மரத்துக்கு ரெண்டு வீடு. ஒரு நா இவிய, மறு நா அவிய."

ஜோடி சேர்க்க அம்மன் கோவில் வாசலில் வைத்துச் சீட்டுக் குலுக்கினாள். ஒரு நோஞ்சான் கொய்யாக் கன்றுக்கு என் வீடும் எதிர் வீடும் சேர்ந்து விழுந்தன. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்றுவரை அவள் மேல் சந்தேகம்.

"வேற சீட்டு எடு," என்றேன்.

"சாமி முன்னால குலுக்குனது, அக்கா. மாத்தக் கூடாது," என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

முறை வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள்தான் பேசுவதில்லையே! இவளாவது ஊற்றுவதாவது, ஆட்டுக்குப் பின்னால் போயிருப்பாள் என்று நினைத்து அவள் முறையன்றும் நான் ஒரு குடம் ஊற்றினேன். இவள் எங்கே ஊற்றியிருக்கப் போகிறாள், வேனைப் பிடிக்க ஓடியிருப்பாள் என்று நினைத்து என் முறையன்றும் அவள் ஒரு குடம் ஊற்றியிருக்கிறாள். கரிசல் குடித்த தண்ணீரை லேசில் விடாது. மற்றவர்கள் கன்று தண்ணீர் காணாமல் வாடியபோது எங்கள் கன்று தண்ணீர் கூடிப்போய் மஞ்சள் பாரித்து நின்றது. தலைவி வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, கொய்யா நட்டிருக்கீகளா, நெல்லு நட்டிருக்கீகளா? ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கிட்டா வாயில இருக்க முத்து உதிர்ந்திருமா?"

பேசுவதா? நானா? மாட்டவே மாட்டேன். ஆனால் கன்று செத்துவிட்டால் ஊரே கைகொட்டிச் சிரிக்குமே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேலை இல்லை. நான் போனபோது அவள் ஆடுகளை வேலிக்கு வெளியே கட்டிவிட்டு, கன்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கன்றைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ கொய்யா, ஒனக்கு இன்னிக்குத் தண்ணி வேண்டாம். ஈரம் காயுற மட்டும் வேண்டாம். கூறு கெட்ட ஜென்மம் எதாச்சும் கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்தா, வேண்டாம்னு சொல்லிரு."

எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா? நானும் கன்றையே பார்த்தேன்.

"கொய்யா, நான் என் மொறைக்குத்தான் ஊத்துதேன். அடுத்தவ மொறையில வந்து ஊத்துறதுக்கு நான் என்ன வேல வெட்டி இல்லாதவளா?"

அது பொய் என்று கொய்யாவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஜாடைப் பேச்சு எங்கள் பக்கம் புதிதில்லை. பேச்சு நின்றுபோனவர்கள் ஆட்டிடம் பேசுவார்கள், கோழியிடம் பேசுவார்கள், அடுப்பிடம் பேசுவார்கள். கேட்க வேண்டியவர் காதில் அது சரியாகப் போய் விழும். ஆனால் அதெல்லாம் குத்திக்காட்டத்தான். எங்களுக்கு அதோடு நிற்கவில்லை.

முதல் கோடையில் கன்றைச் சுற்றி மண் வெடித்தது. வெடிப்புக்குள் வேர் அறுந்து தெரிந்தது. அவள் கண்மாயிலிருந்து வண்டல் மண் சுமந்துவந்து, ஆட்டுப் புழுக்கையைக் கலந்து வெடிப்பை மூடினாள். வெயில் படாமல் இருக்க நான் மக்காச்சோளத் தட்டையை நறுக்கி மேலே பரப்பினேன். "கொய்யா, தூரோட ஒட்டிப் போட்டா கரையான் ஏறும்னு சொல்லு," என்றாள். சொன்னது சரிதான். தள்ளிப் போட்டேன். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

போகப் போக, ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கால் தானாகவே வடக்கே போகும். முறை என்னுடையதா அவளுடையதா என்று பார்ப்பதில்லை, இரண்டு பேரும் அங்கன இருப்போம். தேவை வந்தால்தான் மகன் போன் போடுகிறான் என்று அவள் கொய்யாவிடம் சொல்வாள். குச்சி அடைத்து அடைத்து விரல் மரத்துப்போகிறது, ராத்திரியில் குத்துகிறது என்று நான் கொய்யாவிடம் சொல்வேன். என் வீட்டுக்காரர் குறட்டை விடுவதுவரை அந்தக் கொய்யாவுக்குத் தெரியும். அதைக் கேட்டு அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

சிவகாசியில் கட்டிக்கொடுத்த என் மகளுக்குக் கரு கலைந்துவிட்டதாகச் சேதி வந்தது. வீட்டில் அழ முடியவில்லை. அழுதால் வீட்டுக்காரர் உடைந்துவிடுவார். கொய்யாவிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பக்கம் நின்றவள் கேட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ச்சே, இவளும் ஒரு பொம்பளையா என்று நினைத்தேன். மறுநாள் வேனிலிருந்து இறங்கி வந்தால் என் வீட்டு வாசல்படியில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. உள்ளே நல்லெண்ணெய் மிதக்கிற உளுந்தங்களி, கரு கலைந்தவளுக்கு இடுப்புப் பலத்துக்குக் கொடுப்பது. மகள் இருப்பது சிவகாசியில், களி வந்தது எனக்கு. நானே தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். தூக்குச்சட்டியை வெறுமனே கொடுக்கக் கூடாதே என்று கடம்பூர் போளி வாங்கி உள்ளே வைத்து, அவள் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் கதவைத் தட்டவில்லை.

கொய்யா முதல் பூ விட்ட சமயம். மருமகள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மகன் அவளைத் திருப்பூருக்குக் கூப்பிட்டான். அதையும் அவள் கொய்யாவிடம்தான் சொன்னாள்.

"ஆட்ட வித்துட்டு வந்துருன்னு மகன் சொல்லுதான் கொய்யா. எனக்குப் போக மனசில்ல. அங்கன எனக்கு யாரத் தெரியும்? நான் இங்கன இருந்தா ஒனக்குத் தேவலையா, போனாத் தேவலையா? வாயத் தொறந்து சொல்லு."

சொல்லிவிட்டு அவள் கொய்யாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். உளுந்துச் சண்டைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள். இருந்துரு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாய் இருக்கிறதே, அது என் பேச்சை என்றைக்குக் கேட்டது?

"கொய்யாவுக்கு யாரு ஊத்துனா என்ன, தண்ணிதான வேணும்," என்றேன்.

அவள் பூவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு போனாள். அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் நான் வேனிலிருந்து இறங்கி வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

அதன் பிறகு அவள் முறைக்கும் நானே ஊற்றினேன். ஊரை விட்டுப் போனவர்கள் பங்கை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைவி கேட்டாள். வந்ததே எனக்குக் கோபம்! "அது அவ பங்கு. வேற எவளாச்சும் கொடத்தோட அங்கன வந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்றேன். தலைவி நான் கேட்காமலேயே எதிர் வீட்டுக்காரியின் போன் நம்பரை என் செல்லில் போட்டுக் கொடுத்தாள். பல நாள் கூப்பிட்டிருக்கிறேன். "அலோ, யாரு?" என்பாள். பின்னால் குழந்தை அழும், தையல் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மரத்தடியில் நின்று பேசிப் பார்த்தேன், அதுவும் ஓடவில்லை. கேட்க ஆளில்லாமல் மரத்திடம் பேசினால் அதற்குப் பேர் வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு அழுகை வந்தது.

மரம் காய்த்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சட்டைப் பை பிதுங்கப் பிதுங்கப் பறித்துக்கொண்டு போனார்கள். உள்ளே இளஞ்சிவப்பு, அப்படி ஒரு இனிப்பு. ஊரே மெச்சியது. எனக்கு ஒரு பழம் முழுசாக இறங்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. கதவு திறந்திருந்தது, உள்ளே அவள் மகன் யாரோ இரண்டு பேருக்கு அறைகளைக் காட்டிக்கொண்டிருந்தான். அவளைக் காணவில்லை. எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? சமையலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மரத்தடியில் நின்றாள். இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மைனி, நல்லா இருக்கீகளா?"

இந்தச் சொல்லுக்காக நான் எத்தனை நாள் காத்துக் கிடந்தேன்! வந்தபோதோ கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் கேட்பதுபோல இருந்தது. நல்லா இருக்கேன் என்றேன். பேரப்பிள்ளை எப்படி என்றேன். பள்ளிக்கூடம் போகிறானாம். நான் பழம் பறித்து அவள் பையில் போட ஆரம்பித்தேன். பை நிறைந்த பிறகும் போட்டேன்.

"போதும் மைனி. வீட்ட வெல பேசியாச்சு. இனிமே இங்கன வாரதுக்கு ஒண்ணும் இல்ல. என் பங்கையும் நீங்களே வச்சுக்கோங்க."

என் கையிலிருந்த பழம் கீழே விழுந்தது. சவத்து ரோஷம், இன்னும் எத்தனை நாளைக்கு? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதட்டி. எதுத்தாப்புல நீ இல்லாம எனக்கு அது வீடாவே இல்ல. வித்தா வித்துட்டுப் போகுது, என் வீட்டுல வந்து இரு. ஆடு வாங்கி என் முத்தத்துலயே கட்டிக்க. நீ போனதுலருந்து எனக்கு ஒண்ணுமே பிடிக்கலட்டி. இருந்துரு."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் மகன் ஹார்ன் அடித்தான், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மகனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, பேரன் இவளிடம்தான் சாப்பிடுகிறான், இனி எங்கே வர என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு இத நேரா என்கிட்டச் சொல்லிருக்கணும்னுகூட இல்ல மைனி. கொய்யாகிட்டச் சொல்லிருந்தாக்கூடப் போதும், நான் போயிருக்கவே மாட்டேன்."