எல்லாச் சவாரியும் ஒரே ஜீப்புக்கு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் இரண்டு மேசை, இரண்டு கணினி, ஒரு மின்விசிறி, நான், என் வீட்டுக்காரர். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் சண்டை போட்டது நகைக்காகவோ மாமியாருக்காகவோ இல்லை. கணினிக்கு எழுதுகிற கட்டளைகளில், அதாவது கோடில், பெயர் வைப்பதற்காக.

கோடு எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிட முடியும். நான் வைக்கிற பெயர்கள் நீளமானவை, படித்தால் விஷயம் புரியும். அவர் வைக்கிற பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த வாரம் அவரே என்னிடம் கேட்பார். சும்மா இருக்க முடியாமல் நான் அவர் பெயர்களைத் திருத்துவேன். அவர் என் பெயர்களை வெட்டுவார். ஒருநாள் சாப்பிடாமல் கொள்ளாமல் சண்டை போட்ட பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் கோடு எழுதி வைத்திருக்கும் கோப்பை அவர் திறக்கக் கூடாது, அவர் கோப்பை நான் திறக்க மாட்டேன். அதனால் வீட்டில் அமைதி வந்தது. சண்டை வெள்ளிமலைக்குப் போய்விட்டது.

மலைமேல் இருக்கிற வெள்ளிமலை வரைக்கும் பேருந்து ஏறிப் போகும். அதற்கு உள்ளே இருக்கிற ஊர்களுக்கு ஜீப்தான். ஜீப் ஸ்டாண்டில் முறை என்று ஒன்று உண்டு. வரிசையில் யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான் ஆள் ஏற்றுவார். சொந்தத் தம்பியே வந்து நின்றாலும் முறையில் இருக்கிற வண்டியில்தான் ஏற்றிவிட வேண்டும். முறையைத் தாண்டி ஒருவர் சவாரி எடுத்தால் அவருக்கு ஸ்டாண்டில் இடம் கிடையாது. அப்புறம் அந்த ஜீப்பை வைத்துக்கொண்டு கோழிக்கூண்டாக்கிக் கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஓட்டுநர்கள் எங்களிடம் ஓர் இணையப் பக்கம் கேட்டார்கள். மலைக்குள் இருக்கிறவர்கள் போனில் தங்கள் ஊரைத் தொட்டால், முறையில் இருக்கிற ஜீப்காரருக்குச் செய்தி போக வேண்டும். அவ்வளவுதான். முறையைப் பார்த்துக்கொள்ளும் கோப்பை நான் எழுதினேன். ஊர்களைக் காட்டும் கோப்பை அவர் எழுதினார். ஒப்பந்தப்படி ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கவில்லை.

போன் எண்கள் வாங்க நாங்கள் மேலே போன அன்று, முதலில் வந்து எண் கொடுத்தது ஓர் இளம் ஓட்டுநர். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு அப்போதுதான் சொந்த ஜீப் எடுத்து ஸ்டாண்டில் இடம் வாங்கியிருந்தார். எங்களைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா, என் நம்பரு மொதல்ல எழுதிக்குங்க, அப்புறம் மறந்துடுவீங்க" என்றார். எழுதிக்கொண்டேன். நான் அவரைத் தம்பி என்றேன். அவர் பெயர் பட்டியலில் முதலில் ஏறியது இப்படித்தான்.

பக்கம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மலையில் சிக்னல் கம்மி, திறக்கவே நேரம் பிடித்தது. ஸ்டாண்டுத் தலைவர், வயதான ஓட்டுநர், போன் செய்தார். "பக்கம் தொறக்கறதுக்குள்ள ஜனங்க நடந்தே வந்து சேந்துடறாங்க. இன்னா பண்ணலாம்?"

இதற்கு மருந்து மினிஃபையர். எழுதிய கோடைக் கசக்கிப் பிழிந்து சின்னதாக்கும் கருவி. இடைவெளிகளை எடுத்துவிடும், நீளமான பெயர்களை ஒற்றை எழுத்தாக மாற்றிவிடும். ‘இப்போது யார் முறை’ என்று நான் ஆசையாக வைத்த பெயர் வெறும் ‘ஏ’ ஆகிவிடும். ஒரு கோப்புக்குள் எங்கெல்லாம் அந்தப் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் தவறாமல் மாற்றும் என்பதால் வேலை கெடாது. நான் என் கோப்பைக் கொடுத்துச் சுருக்கினேன். அவர் தன் கோப்பைத் தனியாகச் சுருக்கினார். இரண்டையும் பக்கத்தில் ஏற்றினோம். பக்கம் தொட்டதும் திறந்தது. அன்று நான் கொஞ்சம் தலைக்கனமாகவே இருந்தேன்.

அடுத்த நாள் தம்பி கூப்பிட்டார். "அக்கா, சூப்பருங்க. சவாரி வந்துகினே இருக்குது. சோறு துன்ன நேரம் இல்ல."

அதற்கு அடுத்த நாள் தலைவர் கூப்பிட்டார். அவர் குரலில் சிரிப்பு இல்லை. "எந்த ஊருல இருந்து கூப்புட்டாலும் அந்தப் பையன் ஒருத்தனுக்கே போவுது. மத்தவங்கள்லாம் வண்டிய தொடச்சிகினு உக்காந்துகினு இருக்காங்க. அவன் உங்கள அக்கானு கூப்புடறான். நீங்க சொந்தமா?"

"சொந்தம்லாம் இல்லீங்க. பழக்கத்துல கூப்புடறாரு."

"அத ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேசிக்கலாம். அதுவரைக்கும் அவன வண்டி எடுக்க வேணானு சொல்லிட்டோம்."

சிறிது நேரத்தில் தம்பியே கூப்பிட்டார். "மேடம், நான் கேட்டு நீங்க எனக்கு ஜாஸ்தி போட்டு வுட்டீங்கன்னு சொல்றாங்க. நான் எதுவும் கேக்கலன்னு அவங்ககிட்ட சொல்லுங்க மேடம்." அக்கா போய் மேடம் வந்திருந்தது. ஸ்டாண்டில் இடம் போனால் அவர் மறுபடியும் அடுத்தவர் வண்டிதான் ஓட்ட வேண்டும்.

உடனே எங்கள் கணினியில் போட்டுப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது சுருக்காத கோடு. முறை ஒழுங்காக ஒவ்வொருவராக நகர்ந்தது. ஒரு குறையும் இல்லை.

"டவர் பிரச்சினைதான்" என்றார் என் வீட்டுக்காரர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவருக்கு மலையில் எது நடந்தாலும் டவர் பிரச்சினை. மழை பெய்தாலும் டவர்தான் காரணம்.

"டவரு ஆளு பாத்தா சவாரி குடுக்குது?" என்றேன்.

சுருக்கி ஏற்றிய பக்கத்தைத் திறந்து உள்ளே பார்த்தேன். நான் எழுதிய கோடுதான், ஆனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிரவுசரிடம் சொன்னால் வரிகளைப் பிரித்துக் காட்டும், போன பெயர்களைத் திருப்பித் தராது. எங்கே பார்த்தாலும் ஏ, பி, சி. எது முறை, எது போன் எண் என்று நான் எழுதியதை நானே யாரோ எழுதியது போல உட்கார்ந்து படித்தேன். கடைசியில் என் ‘இப்போது யார் முறை’தான் ‘ஏ’ என்று கண்டுபிடித்தேன்.

பிறகு அந்த ‘ஏ’யை மட்டும் கண்காணித்தேன். பக்கம் திறந்ததும் அதில் சரியான எண் இருந்தது. வரிசையில் அடுத்தவர் யாரோ அவருடைய எண். ஊர்ப் பட்டியலைத் தொட்டேன். ‘ஏ’ பூஜ்யம் ஆனது. எங்கள் கணக்கில் பூஜ்யம் என்றால் பட்டியலில் முதல் ஆள். முதல் ஆள் தம்பி. மறுபடி செய்து பார்த்தேன், மறுபடி பூஜ்யம். என் கோப்பில் எங்கேயும் அதைப் பூஜ்யமாக்குகிற வரியே இல்லை.

நாற்காலியைத் திருப்பினேன். "ஏங்க, என் கோப்ப தொட்டீங்களா?"

"சத்தியமா தொடல. ஒப்பந்தம் இருக்குதே."

"அப்ப உங்க கோப்ப காட்டுங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சட்டைப் பையைக் கூட என்னிடம் தயங்காமல் கொடுத்தவர், கோப்பைக் காட்ட அவ்வளவு யோசித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

அவர் கோப்பில், எந்த ஊர் தேர்வாகியிருக்கிறது என்பதை வைத்துக்கொள்ள ஒரு பெயர் இருந்தது. பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பூஜ்யமாக்கிவிட்டு ஆரம்பிப்பார். அதில் தப்பே இல்லை. அந்தப் பெயரை அவருடைய மினிஃபையர் என்னவாகச் சுருக்கியிருந்தது என்று பார்த்தேன். ‘ஏ’.

தனித்தனியாக இருந்தவரை இரண்டு கோப்பும் சமர்த்து. ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்ததும் இரண்டு ‘ஏ’யும் ஒன்றாகிவிட்டன. யாராவது ஊர்ப் பட்டியலைத் தொட்டால் அவருடைய ‘ஏ’ பூஜ்யமாகும், கூடவே என் முறையும் பூஜ்யமாகும். இந்தக் காலத்துப் பாணியில் கோடு எழுதியிருந்தால் ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறது என்று பிரவுசரே கத்தியிருக்கும். நாங்கள் இருவரும் பழைய பழக்கத்தை விடாத ஆட்கள். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அவர்.

"இன்னா சொன்னீங்க? டவருன்னு சொன்னீங்க."

சரிசெய்வது சுலபமாக இருந்தது. இரண்டு கோப்பையும் சேர்த்து ஒரே தடவையில் சுருக்கக் கொடுத்தால், கருவியே பார்த்து ஒன்றுக்கு ஏ, இன்னொன்றுக்கு பி என்று வைத்துவிடும். அப்படியே செய்து ஏற்றினேன். முறை நகர்ந்தது. ஏற்றிய பிறகுதான் உறைத்தது. புகார் வந்ததும் பக்கம் திடீரென்று ஒழுங்காகிவிட்டால் மேலே என்ன நினைப்பார்கள்? மாட்டிக்கொண்டதும் மாற்றிவிட்டாள் என்பார்கள். தம்பி மேல் இருந்த சந்தேகம் இன்னும் கெட்டியாகும். நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி வெள்ளிமலைக்குப் போனோம். ஸ்டாண்டில் ஜீப்புகளுக்கு நடுவே ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள். தம்பி கொஞ்சம் தள்ளி, தன் ஜீப்பின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்தும் கிட்டே வரவில்லை. வந்தால் சொந்தம் என்று ஆகிவிடும் என்ற பயம்.

என் வீட்டுக்காரர் மடிக்கணினியைத் திறந்து வைத்து விளக்க ஆரம்பித்தார். குளோபல் என்றார், வேரியபிள் என்றார். ஓட்டுநர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடித்ததும் ஒருவர் கேட்டார். "அந்த ஏ யாருங்க? நம்ம ஸ்டாண்டு ஆளா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்போது கள்ளக்குறிச்சிப் பேருந்து வந்து நின்றது. தலையில் மூட்டையோடு இறங்கிய ஒரு பெண், ஸ்டாண்டைப் பார்த்து, "மாமா, வண்டி எப்ப எடுப்பீங்க?" என்று குரல் கொடுத்தார். தலைவர் திரும்பினார். இன்னும் இரண்டு ஓட்டுநர்கள் திரும்பினார்கள். டீக்கடைக்காரரும் திரும்பினார்.

"இதாங்க" என்றேன். "இந்தம்மா வூட்டுல மாமான்னு கூப்புட்டா ஒரே ஆளு திரும்புவாரு. இங்க நாலு பேரு திரும்பறீங்க. நான் என் கோப்புல ஒண்ண மாமானு வச்சேன். இவரு அவரு கோப்புல வேற ஒண்ண மாமானு வச்சாரு. ரெண்டும் ஒரே ஸ்டாண்டுல வந்து நின்னுடுச்சி. இவரு கூப்புட்டதுக்கு என் மாமா எழுந்து போய்ட்டாரு."

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "சரி. ஆனா இவனுக்கே ஏன் போச்சு?"

பழைய பக்கத்தை அழிக்காமல் தனியாக வைத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து, பட்டியலில் தம்பி பெயரை நடுவில் தள்ளி, தலைவர் பெயரை முதலில் வைத்தேன். "இப்ப யாரு வேணா எந்த ஊர வேணா தொடுங்க" என்றேன். ஒருவர் தொட்டார். தலைவர் போன் அடித்தது. இன்னொருவர் வேறு ஊரைத் தொட்டார். தலைவர் போன் அடித்தது. பிறகு ஆளாளுக்கு ஆசையாகத் தொட்டார்கள். தலைவரின் சட்டைப் பை ஓயாமல் கத்தியது.

"தலீவரே, எல்லா சவாரியும் உங்களுக்கே வருதே. இவங்க உங்களுக்கும் அக்காவா?" என்றார் ஒருவர்.

தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டார். "பையன் மேல தப்பில்ல. அவன் முறை அவனுக்கு. ரெண்டு நாளா ஜாஸ்தி ஓட்டிட்டான், இன்னிக்கு மட்டும் கடைசில நிக்கட்டும்." தம்பி சரியென்று தலையை ஆட்டினார். கையை ஜீப்பிலிருந்து எடுக்கவே இல்லை.

தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஏங்க, ரெண்டு பேரும் ஒரே வூட்டுல குடித்தனம் பண்ணிகினு, ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்காமலா பேரு வப்பீங்க?"

என் வீட்டுக்காரர் மடிக்கணினியை மூடி வைப்பதில் மும்முரமாக இருந்தார். நான் மூட்டையோடு வந்த பெண்ணுக்கு இடம் விடுவது போல நகர்ந்துகொண்டேன். அன்றோடு எங்கள் ஒப்பந்தம் முடிந்தது. இப்போது ஒரே கோப்புதான், பழையபடி சண்டையும் உண்டு.

கடைசிப் பேருந்துக்கு நேரம் இருந்ததால், மலைக்குள் ஓர் ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று, நாங்கள் செய்த இணையப் பக்கத்திலேயே ஜீப் கூப்பிட்டேன். முறை வேறு ஒருவருக்குப் போனது. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். ஜீப் கிளம்பும்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அக்கா, பாத்து போங்க."

பேருந்துக்காக நின்ற பெண்கள் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜீப்பிலிருந்து கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.