குடையின் ஆயுள்

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினெட்டு வருடமாகிறது. இத்தனை நாளில் வகுப்புக்கு வெளியே ஒருவர்கூட என் பாடத்தில் என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை. வீட்டு விசேஷத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைக்கூடத் தென்காசியில் சமையல்காரரிடம்தான் கேட்பார்கள். அதனால், போன வருடம் சாரல் சீசன் தொடங்குவதற்கு முன்னால் என் மனைவியின் அண்ணன் வந்து, "மாப்ளே, ஒரு குடை எத்தன நாள் உழைக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

மச்சானுக்கு ஐந்தருவிக்குப் போகிற வழியில் கடை. சீசனில் துண்டும் தைலமும் குடையும் விற்பார். எதிர்க்கடைக்காரர் 'தரமான குடை' என்று போர்டு வைத்துவிட்டாராம். இவர் ஒரு படி மேலே போய், 'ஒரு சீசன் வரும், கேரண்டி' என்று எழுத ஆசைப்பட்டார். கூடவே, எத்தனை பேருக்குப் புதுசு எடுத்துக் கொடுக்க வேண்டிவருமோ என்ற பயமும் இருந்தது.

"இதுக்குன்னே எங்க பாடத்துல தனிப் பகுதி இருக்கு மச்சான். பல்பு, பேட்டரி எல்லாம் எப்போ போகும்னு இத வச்சுத்தான் சொல்லுதாங்க."

"குடைக்கும் சொல்லலாமா?"

"குடைன்னா என்ன, கம்பியும் துணியும்தான?"

முந்தைய சீசனில் புகாரோடு திரும்பி வந்த குடைகளை அவர் பரணில் போட்டு வைத்திருந்தார். வாங்கிய தேதி, திரும்பி வந்த தேதி இரண்டையும் ஒவ்வொன்றிலும் சீட்டில் எழுதிக் கட்டியிருந்தார். எல்லாவற்றையும் மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டுக் கூடத்தில் பரப்பினேன். கம்பி ஒடிந்தது, பட்டன் சிக்கியது, துணி கழன்றது என்று பிரித்து மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்தேன். வளைகோடு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. முடிவுதான் மோசம். பாதிக் குடைகள் பத்து நாளைக்குள் செத்துவிடும்.

"பத்து நாளா? நேந்திரம் சிப்ஸே அதவிடக் கூடத் தாங்குமே மாப்ளே!" மச்சானின் முகம் வாடிவிட்டது.

என் மனைவி குடைகளுக்கு நடுவே வழி தேடி நடந்துகொண்டிருந்தாள். "அண்ணன் கடையில வாங்குன குடை கதவுக்குப் பின்னால தொங்குது. நாலு வருஷமாச்சு. அத எழுதுனீயளா?"

"அதுதான் கெடவே இல்லையே."

"கெடாத குடையத் தூக்கிட்டு வந்து, நல்லா இருக்குன்னு கடையில யாராவது காட்டுவாங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்னும் கெடாமல் இருப்பவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் விடை தப்பாகும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போடுகிறவன் நான். அதை மறந்ததற்காக ஒரு வகுப்பையே திட்டியும் இருக்கிறேன்.

மானத்தைக் காப்பாற்ற அடுத்த முறைக்குத் தாவினேன். பொருளை வழக்கத்தைவிடப் பல மடங்கு பாடுபடுத்தினால், மாதக்கணக்கில் வரும் தேய்மானத்தை ஒரே நாளில் பார்த்துவிடலாம். கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஐந்து புதுக் குடைகளோடு ஐந்தருவிக்குப் போனேன். சாரலும் காற்றும் நேராக அடிக்கிற இடத்தில் நின்று, ஒவ்வொரு குடையாக விரித்தேன், மடக்கினேன், மறுபடி விரித்தேன். எண்ணிக்கை தவறாமலிருக்கச் சத்தமாக எண்ணினேன். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர்கள் வட்டமாக நின்றார்கள். ஒரு குடும்பம் என்னோடு சேர்ந்து எண்ணவும் ஆரம்பித்தது. இருநூறைத் தாண்டியபோது காவலர் ஒருவர் வந்தார்.

"அண்ணாச்சி, இங்கன என்ன செய்யுதீய?"

"குடை எப்போ கெட்டுப்போகும்னு பாக்கேன் சார்."

"கெடலைன்னா?"

"கெடுற வரைக்கும் செய்யணும்."

அவர் குரல் சட்டென்று கனிந்துவிட்டது. "கூட யாரு வந்திருக்கா? வீட்டுல நம்பர் இருக்கா?"

அதற்குள் யாரோ சொல்லி மச்சான் ஓடி வந்தார். "நம்ம மாப்ளதான் சார். காலேஜ் வாத்தியார்."

"வாத்தியாரா!" என்றார் காவலர், நோயின் பெயர் தெரிந்துவிட்ட நிம்மதியோடு. "பதனமாக் கூட்டிட்டுப் போங்க."

ஐந்தில் ஒன்றுதான் ஒடிந்தது. அதுவும் காவலர் கேள்வி கேட்கும்போது பதற்றத்தில் நான் தப்பாக இழுத்ததில். "தைரியமா எழுதுங்க மச்சான், உங்க குடை ஒரு சீசன் தாங்கும்" என்றேன். மறுநாளே போர்டு ஏறியது.

குடை நன்றாகவே விற்றது. ஒடிந்ததென்று அபூர்வமாக யாராவது வந்தால், மச்சான் சிரித்த முகமாகப் புதுசு எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது அச்சன்புதூரிலிருந்து ஓர் அம்மா வெறுங்கையோடு வந்தார்.

"குடைய எங்கம்மா?" என்றார் மச்சான்.

"செங்கோட்டை பஸ்ஸுல மறந்து வச்சுட்டு இறங்கிட்டேன்."

"தொலைஞ்சதுக்கெல்லாம் கேரண்டி கெடையாதும்மா."

"ஒரு சீசன் வரும்னு எழுதிப் போட்டிருக்கீயல்லா? எனக்கு ஒரு வாரம்தான வந்துச்சு?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வைத்திருப்பவருக்கு ஒடிந்தாலும் தொலைந்தாலும் குடை போனது போனதுதான். மனதில் வைத்துக்கொண்டிருக்கலாம். வாத்தியார் புத்தி, வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்க சொல்லுதது சரிதான் மச்சான். கணக்குப்படி அதுவும் ஆயுள் முடிஞ்ச குடைதான்."

"பாத்தீயளா, படிச்சவங்களே சொல்லுதாங்க!" என்றார் அந்த அம்மா.

மச்சான் புதுக் குடை ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த அம்மா அதை விரித்துப் பார்த்து, நீல நிறம் வேண்டும் என்று மாற்றி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் மச்சான் கேட்டார். "மாப்ளே, ஒங்களுக்கு இன்னைக்குக் காலேஜ் இல்லையா?"