சேவலா, பேடா?

போன புதன்கிழமை காலை எங்கள் வீட்டுக் கோழி கூவியது. கோழி கூவுவதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அது சேவலா பேடா என்று ஏழு மாதமாக எங்களுக்கே தெரியாது... அதுதான் விசேஷம்.

கப்பல்துறையில் இருக்கும் சிநேகிதர் தந்த குஞ்சு. தகப்பன் வெள்ளை லெக்கோன் என்ற சீமை இனம், தாய் ஊர்க்கோழி. அதுவரை முட்டை இட்டதுமில்லை, கூவியதுமில்லை.

கூவி ஓய்வதற்குள் பக்கத்து வீட்டு ஞானம்மா வேலியருகே வந்து நின்றார். அவருடைய கணவர் செபஸ்தி முதல் நாளே கடலிலிருந்து திரும்பியிருக்க வேண்டும். வள்ளத்தைக் காணவில்லை.

"ஐயா, அது பேடோ?"

ஏன் கேட்கிறார் என்று விளங்கியது. பேட்டுக்கோழி கூவினால் கெடுதி வரும், அன்றைக்கே அறுத்துவிட வேண்டும் என்பார்கள். அறுப்பது பெரிய காரியமல்ல. ஆனால் பேடு என்று நான் சொல்லிவிட்டால், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண் என்ன செய்வார்?

கோழியைப் பிடித்து மடியில் வைத்தேன். எண்ணாமல் முடிவு சொல்லும் பழக்கம் எனக்கில்லை. கொண்டை பெரிது — சேவல். தாடி நீளம் — சேவல். காலில் முள் இல்லை — பேடு. கழுத்து இறகு சேவலுக்குப் போலக் கூரா, பேட்டுக்குப் போல வட்டமா? கண்ணாடி போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. இரண்டுக்கு ஒன்று.

"சேவல்தான், பிள்ளை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

தலையாட்டிவிட்டுப் போனார். வியாழன் போனது, வெள்ளி போனது. கரைக்குப் போய், அவரைத் தேடப் புறப்படும் வள்ளங்களை எண்ணுவேன். திரும்பியதும் மறுபடி எண்ணுவேன். எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் செபஸ்தி வந்து சேர்ந்தார். எஞ்சின் பழுதாகித் தெற்கே அள்ளுண்டு போனவரை மூதூர் ஆட்கள் கண்டு இழுத்து வந்திருந்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஆனாலும் நடந்துதான் வந்தார்.

பொழுதுபடும் நேரம் ஞானம்மா ஒரு கோப்பையோடு எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். உள்ளே மூன்று முட்டைகள்.

"உங்கட சேவல் இட்டது, ஐயா. எங்கட விறகுக் கொட்டிலுக்குள்ள."

முதல் முட்டை எப்போது என்று மட்டும் கேட்டேன். நான் தீர்ப்புச் சொன்ன அன்றே, மத்தியானம் என்றார்.

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"அவர் வாற மட்டும் அது சேவலா இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

கோழி வளர்ப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். லெக்கோன் இனத்தில் பேட்டுக்கும் கொண்டை பெரிதுதான். ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். எங்கள் கோழிக்கும் சரிந்துதான் கிடந்தது. தகப்பன் வழி வந்ததை ஆணுக்குரியது என்று எண்ணிவிட்டேன். நான் தெரியாமல் சேவல் என்றேன். ஞானம்மா தெரிந்துகொண்டே, முட்டையை ஒளித்துவைத்து, மூன்று நாள் அதை நம்பினார். நம்பிக்கை என்பது கண்ணால் காணாததை நம்புவது என்று யார் சொன்னது?

கோழியை அறுக்கவில்லை. நேற்றுக் காலையும் கூவியது.

சேவலா பேடா என்று கேட்க ஞானம்மா வேலிக்கு வரவில்லை.